பென்டால் ஆபரேஷனுக்குப் பிறகு டாவி: நெல்லைப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

இதய ஆபரேஷன் தியேட்டரிலும் கேத் லேபிலும் நர்ஸாக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் வீட்டோடு இருக்கிறேன். ஓய்வு என்று பெயர்தான். வாரத்துக்கு ஒருவராவது மஞ்சப்பையில் ஃபைலைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். பல வருஷத்துக்கு முன் இதயத்தில் பெரிய ஆபரேஷன் நடந்திருக்கும். இப்போது வால்வு மறுபடி மக்கர் செய்யும். "தொடை வழியாகவே வைத்துவிடலாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நெஞ்சைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய் வைக்கும் அந்த முறைக்குத்தான் டாவி என்று பெயர். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைத்த கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். வைத்தியம் சொல்வது என் வேலை இல்லை. டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் சரி.

"டிஸ்சார்ஜ் தாள்ல 'பென்டால்'னு போட்டிருக்கு. அது என்ன சீக்கு?"

சீக்கு இல்லை, ஆபரேஷனின் பெயர். இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தம் உடம்புக்குப் புறப்படும் வாசலில் மூன்று இதழ் கொண்ட அயோர்டிக் வால்வு இருக்கிறது. குளத்து மடை மாதிரிதான், ஆனால் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். அதைத் தாண்டினால் மகாதமனி. அதன் தொடக்கப் பகுதியை வேர் என்பார்கள். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு கரோனரிக் குழாய்களும் அந்த வேரிலிருந்துதான் பிரிகின்றன.

வேர் பலூன் போல வீங்கினாலோ, அதன் சுவர் உள்ளுக்குள் கிழிந்தாலோ, வால்வோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் டேக்ரான் என்ற துணியால் நெய்த குழாயை, முனையில் செயற்கை வால்வோடு தைப்பார்கள். கரோனரிக் குழாய் இரண்டையும் சுற்றியுள்ள சுவரோடு சட்டைப் பட்டன் மாதிரி வட்டமாக வெட்டி, துணிக்குழாயில் ஓட்டை போட்டு அங்கே தைத்துவிடுவார்கள். தியேட்டரில் அதற்குப் 'பட்டன்' என்றே பெயர். லண்டனில் ஹியூ பென்டாலும் அந்தோணி டி போனோவும் 1968-ல் எழுதிய முறை இது. பட்டன் மட்டும் பிற்பாடு வந்த திருத்தம். இந்தப் பட்டன் விவகாரம் கீழே மறுபடி வரும்.

"வச்சிருக்கது மெட்டலா டிஷ்யூவான்னு கேக்காவ. நமக்கு எப்படித் தெரியும்?"

எல்லாக் கேள்விக்கும் முந்தின கேள்வி இதுதான். போன தடவை உள்ளே என்ன வைத்தார்களோ, அதுதான் இந்தத் தடவை என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும். உலோக வால்வு என்றால் ராத்திரி வீடு அடங்கின பிறகு 'டிக் டிக்' என்று கேட்கும். ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும் இருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் உருவாகி 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் இந்த வகைதான். உலோகச் சட்டத்துக்குள் ஒற்றைத் தட்டு சாய்ந்து திறக்கும். டிஷ்யூ என்றால் மாட்டின் இதய உறை அல்லது பன்றி வால்வில் செய்தது. சத்தம் கிடையாது. வேறு காரணம் இல்லாவிட்டால் அசிட்ரோமும் கிடையாது.

மாத்திரையை வைத்து ஊகிப்பதைவிட ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆபரேஷன் அன்று வால்வுப் பெட்டியைப் பிரித்ததும் நாலைந்து ஸ்டிக்கர் வரும். கம்பெனி, மாடல், எத்தனை மில்லிமீட்டர், சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை ஆபரேஷன் குறிப்பில் ஒட்டுவோம், ஒன்றைத் தியேட்டர் ரெஜிஸ்டரில், ஒன்றை உங்கள் கையில் தரும் வால்வு கார்டில். ஸ்டிக்கர் விரல் அகலம்கூட இருக்காது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அண்ணாச்சி ஒருவர் பன்னிரண்டு வருஷத்து பில், மருந்துச் சீட்டு, ஈசிஜி எல்லாவற்றையும் அடுக்காகக் கொண்டுவந்தார். வால்வு கார்டை மட்டும் "சின்னத் தாள்தானே" என்று வீட்டிலேயே விட்டுவிட்டார். அந்தக் கட்டிலேயே முக்கியமான தாள் அதுதான்.

"மெட்டல் வால்வுதான். அதுக்குள்ள குழாய் வழியா புதுசு வைக்க முடியாதா?"

முடியாது. டாவி வால்வு பழைய இதழ்களை ஓரமாக நெருக்கி ஒதுக்கிவிட்டுத்தான் விரியும். உலோகத் தட்டை அப்படி ஒதுக்க வழியில்லை. உலோக வால்வு அடைத்தால் ரத்தக்கட்டியா, ஓரத்தில் வளர்ந்த திசுவா என்று பார்த்து, கரைக்கும் மருந்தோ மறு ஆபரேஷனோ முடிவு செய்வார்கள். இனி வரும் பதில்கள் பெரும்பாலும் டிஷ்யூ வால்வுக்காரர்களுக்கு.

"குழாய் வழியா மாத்துறதுன்னா, பழசை வெளிய எடுத்துருவாவளா?"

'மாத்துறது' என்ற சொல்தான் குழப்புகிறது. பழசு அங்கேயேதான் இருக்கும். அதற்குள் புதுசு உட்காரும். தொடை இடுக்கில் உள்ள தமனியில் ஊசி போட்டு, கம்பியை மகாதமனி வழியாக இதயத்துக்குள் அனுப்பி, அந்தக் கம்பி மேலேயே சுருக்கி மடக்கிய வால்வைக் கொண்டுபோவார்கள். பலூனால் விரியும் வகை என்றால், தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியால் இதயத்தை நிமிஷத்துக்கு 180 பக்கமாகச் சில விநாடி ஓடவிடுவோம். அப்போது இதயம் துடிப்பதற்குப் பதில் நடுங்கும், ரத்த அழுத்தக் கோடு மானிட்டரில் படுத்துவிடும். அந்த இடைவெளியில் பலூனை ஊதி இறக்குவார்கள். கோடு மறுபடி எழும்பும்வரை கேத் லேபில் யாரும் பேச மாட்டார்கள். தானாக விரியும் வகைக்கு இவ்வளவு வேகம் எப்போதும் தேவைப்படாது.

முதன்முதலில் குழாய் வழியாக ஒரு மனிதருக்கு அயோர்டிக் வால்வு வைத்தவர் பிரான்சில் ரூவான் நகரத்து ஆலன் கிரிபியே. அது 2002 ஏப்ரல். பழைய செயற்கை வால்வுக்குள் வைப்பது பிறகு வந்த பழக்கம். 'வால்வ் இன் வால்வ்' என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால் இதைத்தான் சொல்கிறார்கள்.

"பதினோரு வருஷம்தானே ஆச்சு, அதுக்குள்ள எப்படிக் கெட்டுச்சு? சாப்பாட்டுல ஏதும் தப்பா?"

சொதியும் தேங்காய்ப்பாலும் காரணம் இல்லை, மயினியைத் திட்ட வேண்டாம். டிஷ்யூ வால்வுக்கு ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து வருஷம்தான் ஆயுள். இளம் வயதில் வைத்தால் சீக்கிரம் தேயும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். இதழ்களில் சுண்ணாம்பு படிந்து திறக்காமல் போகலாம், அல்லது கிழிந்து ஒழுகலாம். மாடிப்படியில் மூச்சு வாங்குவது, மயக்கம், நெஞ்சு இறுக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது எல்லாம் அதனால் வருபவை.

வால்வு கெட்டது என்றாலே தேய்மானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தக்கட்டி படிந்திருந்தால் மருந்திலேயே சரியாகலாம். கிருமி தொற்றியிருந்தால் டாவியே கூடாது. இந்த இரண்டையும் பார்த்தாச்சா என்று கேளுங்கள்.

"சரி, மறுபடி நெஞ்சைத் திறந்தா என்ன? ஒரு தடவை தாங்கினவர்தானே?"

முதல் தடவை நெஞ்செலும்புக்குப் பின்னால் இடைவெளி இருந்தது. இப்போது துணிக்குழாய் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். எலும்பை அறுக்கும் ரம்பம் குழாயில் பட்டால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை. தழும்புத் திசுவைப் பிரித்துப் பிரித்துத்தான் இதயத்தை அடைய முடியும். அதனால்தான் எழுபது தாண்டியவர்களுக்கும், சிறுநீரகம் நுரையீரல் பலவீனமானவர்களுக்கும் டாவி பற்றி யோசிக்கிறார்கள்.

ஆனாலும் ஆபரேஷன்தான் சரி என்கிற இடங்கள் உண்டு. கிருமித் தொற்று, உலோக வால்வு, தையல் ஓரத்தில் ரத்தம் கசிந்து பை போல வீங்கியிருப்பது, பட்டன்களில் கோளாறு, வயது குறைவு. "கத்தி இல்லாதது நல்லது, கத்தி கெட்டது" என்று கணக்குப் போடாதீர்கள். நான் பார்த்த நல்ல முடிவுகள் எல்லாம் சர்ஜனும் கார்டியாலஜி டாக்டரும் ஒரே படத்தின் முன் நின்று வாதாடிய பிறகு வந்தவை.

"பென்டால் பண்ணினவங்களுக்கு டாவி கஷ்டம்னு ஒரு டாக்டர், ஈசின்னு இன்னொருத்தர். யாரை நம்ப?"

இரண்டு பேர் சொன்னதும் நிஜம். முதலில் கஷ்டம். பிறவி வேரில் கரோனரி வாய்களுக்கு முன்னால் குழிந்த அறை மாதிரி இடம் இருக்கும். நேரான துணிக்குழாயில் அந்தக் குழிவு கிடையாது. சில குழாய்களை மட்டும் அந்தக் குழிவோடே நெய்திருப்பார்கள். டாவி வால்வு விரியும்போது பழைய இதழ்கள் மேல்நோக்கித் திறந்து நின்று சுவர் போல ஆகிவிடும். குழாய் ஒடுக்கமாகவும், பட்டன்கள் தாழவும் இருந்தால், அந்தச் சுவர் கரோனரி வாயை அடைத்துவிடலாம். அது அந்த நிமிஷமே வரும் மாரடைப்பு. அதனால் சிடி ஸ்கேன் படத்தில் கம்ப்யூட்டரிலேயே ஒரு பொய் வால்வை வைத்து, அதற்கும் கரோனரி வாய்க்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் அபாயம் அதிகம்.

அபாயம் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே கரோனரிக்குள் கம்பியும் ஸ்டென்டும் போட்டுத் தயாராக வைப்பது ஒரு வழி. மின்சாரம் பாய்ச்சிய கம்பியால் பழைய இதழை நடுவில் கிழித்து, ரத்தம் போக வாசல் விடுவது இன்னொரு வழி. அதற்கு 'பசிலிகா' என்று பெயர். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயம் ஞாபகம் வந்தால் தப்பில்லை, ஆனால் இது ஆங்கில எழுத்துகளைக் கோத்துச் செய்த சுருக்கப் பெயர். எல்லோரும் செய்கிற வேலையும் இல்லை. இதோடு, துணிக்குழாய் மடங்கியோ வளைந்தோ இருந்தால் கம்பி போகும் பாதையும் முரண்டு பிடிக்கும்.

ஈசியான பக்கம் என்னவென்றால், பழைய டிஷ்யூ வால்வின் வளையம் புது வால்வுக்கு உறுதியான பிடிமானம். எக்ஸ்ரேயில் தெரியும் வளையம் என்றால் எங்கே உட்கார வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். ஓரத்தில் கசிவது குறைவு. இதயத்தின் மின் நரம்பை அந்த வளையம் மறைத்து நிற்பதால், பிறவி வால்வில் டாவி செய்பவர்களைவிட பேஸ்மேக்கர் தேவைப்படுவதும் குறைவு.

"எக்கோ எடுத்தாச்சு, ஆஞ்சியோவும் எடுத்தாச்சு. சிடி என்னத்துக்கு?"

மேலே சொன்ன மில்லிமீட்டர் கணக்கை எக்கோ தராது. தொடைத் தமனி குழாய் போகிற அளவுக்கு அகலமா, மகாதமனி எங்கே வளைகிறது, நெஞ்செலும்புக்கும் துணிக்குழாய்க்கும் எவ்வளவு தூரம், எல்லாம் சிடியில்தான். அதற்கு மருந்து ஏற்றுவார்கள் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவதையும், முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு கூத்து. "சிடி கொண்டு வந்தீங்களா?" என்றால் ரிப்போர்ட் தாளை நீட்டுவார்கள். ஸ்கேனும் சிடி, படம் பதிந்த தட்டும் சிடி. ரிப்போர்ட்டை வைத்து டாவி திட்டம் போட முடியாது, படம் முழுவதும் பதிந்த தட்டு வேண்டும். ஒருவர் ஸ்கேன் சென்டரில் தட்டுக்குக் காசு கேட்டார்கள் என்று வாங்காமல் வந்துவிட்டு, கடைசியில் ஸ்கேனையே மறுபடி எடுத்தார்.

"எங்க அண்ணனுக்கு வால்வை மாத்தல, காப்பாத்திட்டோம்னாவ. இப்ப அது ஒழுகுது. அவருக்கும் டாவியா?"

அது பென்டால் இல்லை. வேரை மட்டும் துணிக்குழாயால் மாற்றி, சொந்த வால்வை அதற்குள் தொங்கவிட்டுத் தைப்பது. டொரன்டோவில் டிரோன் டேவிட் தொடங்கிய முறை. தாளில் 'டேவிட்' என்று இருக்கும். இங்கே டாவிக்கு வேறு சிக்கல். சுண்ணாம்பு படியாத, வெறுமனே ஒழுகும் வால்வில் புது வால்வு கவ்விப் பிடிக்க எதுவும் இல்லை. செயற்கை வளையமும் இல்லை. நழுவிவிடும் பயம் உண்டு. வெளியே உள்ள துணிக்குழாய் கொஞ்சம் தாங்கும் என்பதால் ஆபரேஷனே தாங்காதவர்களுக்குச் சில இடங்களில் முயல்கிறார்கள்.

உடம்பு தாங்கும் என்றால் மறு ஆபரேஷனை விரட்டிவிடாதீர்கள். வேர் நன்றாக இருந்தால் துணிக்குழாயைத் திறந்து வால்வை மட்டும் மாற்றினால் போதும். பட்டன்களைத் தொட வேண்டாம்.

"கார்டுல 21னு இருக்கு. சின்ன வால்வு, உள்ள இன்னொண்ணு வச்சா மூச்சு விடுமான்னு பயமா இருக்கு."

பயத்தில் நியாயம் உண்டு. சம்படத்துக்குள் சம்படம் வைத்தால் உள் இடம் குறையும்தானே. பெரிய உடம்புக்குச் சின்ன வால்வு என்றால் டாவி நன்றாக நடந்தும் அழுத்தம் முழுக்கக் குறையாது, மூச்சிரைப்பு பாக்கி நிற்கும். சில மாடல்களின் வளையத்தை அதிக அழுத்தப் பலூனால் உடைத்து அகலமாக்குவார்கள். எல்லா மாடலும் உடையாது. ஸ்டிக்கரில் உள்ள மாடல் பெயர் இங்கேதான் கைகொடுக்கும். சுற்றிலும் தையலும் துணிக்குழாயும் இருப்பதால், பென்டால்காரர்களிடம் இதற்கு டாக்டர்கள் கூடுதலாக யோசிப்பார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு 48 தான். இப்ப டாவி, அப்புறம் அதுக்குள்ள இன்னொரு டாவின்னு போயிரலாமா?"

எத்தனை சம்படம்மா அடுக்குவது? மூன்றாவது வால்வுக்கு இடம் இருக்குமா, அப்போது கரோனரி வாய் திறந்திருக்குமா, நாளைக்கு மாரடைப்பு வந்தால் ஸ்டென்ட் வைக்கக் கம்பி நுழையுமா என்று இப்போதே பார்க்க வேண்டும். 48 வயதில் ஆபரேஷனைத் தாங்கும் தெம்பு இருக்கிறது. 70-ல் அது இருக்காது. அதனால் கத்தியை இப்போதும் டாவியைப் பிற்பாடும் வைத்துக்கொள்ளச் சொல்லும் டாக்டர் உங்களைப் பயமுறுத்தவில்லை.

"இதைத் திருநெல்வேலியிலயே பாக்கலாமா, வெளியூருக்குத்தான் போணுமா?"

ஊர்ப் பெயர் முக்கியமில்லை. மூன்று விஷயம் கேளுங்கள். பழைய செயற்கை வால்வுக்குள் டாவி எத்தனை செய்திருக்கிறீர்கள்? அவற்றில் வேர் ஆபரேஷன் ஆனவர்கள் எத்தனை பேர்? அவசரமானால் மறுபடி நெஞ்சைத் திறக்கத் தெரிந்த சர்ஜன் அன்று அதே கட்டிடத்தில் இருப்பாரா? பதில் மழுப்பலாக வந்தால் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ இன்னொரு கருத்து கேட்கப் போங்கள். முதல் இரண்டும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான். பிறகு வரும் எக்கோ, ரத்தப் பரிசோதனைகளை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

"செலவு எவ்வளவு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா?"

பல லட்சம். அதில் பெரும்பங்கு வால்வின் விலை. அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்று இருப்பதால் எல்லாம் அதில் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு. ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் அனுமதியை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். என் சொந்த அபிப்பிராயம்: சிடி பார்த்து 'செய்யலாம்' என்று சொல்லும் முன் வயலை அடமானம் வைக்காதீர்கள். வைத்துவிட்டு, முடியாது என்ற பதிலோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"டாவிக்குப் பிறகும் அசிட்ரோம் உண்டா? முருங்கைக்கீரை திங்கலாமா?"

பெரும்பாலோருக்கு ஆஸ்பிரின் மட்டும். துடிப்பு ஒழுங்கில்லாமை போன்ற காரணம் இருந்தால் அசிட்ரோம் மாதிரி மருந்து தொடரும். அதைச் சாப்பிடுபவர்கள் கீரையை விட வேண்டாம், அளவை மாற்றாமல் சாப்பிட்டால் போதும். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால்தான் ஐஎன்ஆர் ஆட்டம் போடும். நாட்டுமருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

"பல்லு ஒண்ணு ஆடுது. பிடுங்கிரலாமா?"

பிடுங்கலாம், ஆனால் பல் டாக்டரிடம் வால்வு கார்டைக் காட்டிய பிறகு. ஈறில் ரத்தம் வரும் வேலைக்கு முன், 30 முதல் 60 நிமிஷத்துக்குள், ஒரே வேளை ஆன்டிபயாடிக் தருவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்ஸிசிலின் 2 கிராம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து.

காய்ச்சல்தான் இதைவிட முக்கியம். இரண்டு மூன்று நாள் நின்றால், மெடிக்கலில் போய் "காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை" என்று ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். முதலில் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் எடுக்க வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி கல்ச்சரில் பிடிபடாமல் ஒளிந்துகொள்ளும், வால்வுக்குள் மட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கிளினிக்கில் மூன்று வாரம் ஊசி மாற்றி ஊசி போட்டு, கடைசியில் வால்வைச் சுற்றிச் சீழோடு வந்தவரை நான் மறக்க மாட்டேன். ஒரு கல்ச்சருக்கு ஆகிற செலவை மிச்சம் பிடித்தார்கள்.

"சீசன் ஆரம்பிச்சிட்டு. குற்றாலத்துல குளிக்கலாமா?"

ஆனி ஆடி வந்தால் இது வராமல் இருக்காது. தொடைக் காயம் நன்றாக ஆறும்வரை அருவி, ஆறு, குளம் எதுவும் வேண்டாம். ஒரு வாரமாவது குடம் தூக்கக் கூடாது. அதன் பிறகு, டாக்டர் சரி என்றால், ஓரமாகச் சாரலில் நிற்கலாம். பேரருவிக்கு நேர் கீழே போய் நிற்பது வேறு. அசிட்ரோம் சாப்பிடுகிறவர் பாசிக் கல்லில் வழுக்கித் தலை அடிபட்டால் உள்ளே ரத்தம் கசியும். கிழிந்த மகாதமனி மிச்சம் உள்ளவர்கள் முக்கித் தூக்குவதையும் அழுத்தி எண்ணெய் தேய்த்துக்கொள்வதையும் விட்டுவிடலாம்.

"மவன் நல்ல உசரம், விரல் எல்லாம் நீளம். அவனுக்கும் வருமா?"

அப்பாவுக்கு வேர் எதற்காக வீங்கியது என்று கேளுங்கள். உசரமும் நீள விரலும் அடையாளமான மார்ஃபான் போன்ற பரம்பரைக் கோளாறோ, பிறவியிலேயே இரண்டு இதழ் வால்வோ காரணம் என்றால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு எக்கோ எடுப்பது நல்லது. வலிக்காத பரிசோதனைதான். அப்பாவுக்கும் வால்வு புதுசானாலும் மீதி மகாதமனி பழசுதான், அதையும் அவ்வப்போது படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுல இருந்த தாள் எல்லாம் போயிட்டு. இப்ப என்ன வால்வுன்னு எப்படிச் சொல்ல?"

அந்த 17, 18 தேதி மழைக்குப் பிறகு இதே கேள்வியோடு நிறையப் பேர் வந்தார்கள். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் மருத்துவ ஆவணப் பிரிவில் தேதியும் பெயரும் கொடுத்து எழுதிக் கேளுங்கள். ஃபைல் இல்லை என்றால், நான் இரண்டாவது பதிலில் சொன்ன தியேட்டர் ரெஜிஸ்டரில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டோ, எக்கோ எடுத்த இடமோ, காப்பீட்டு மனுவோ எங்காவது அளவைச் சொல்லியிருக்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரேயிலும் சிடியிலும் தெரியும் வளையத்தின் வடிவத்தை வைத்து மாடலைக் கண்டுபிடிக்க முடியும். உள் அளவையும் சிடியில் அளந்துவிடலாம். நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

வண்ணார்பேட்டைப் பக்கத்து மாமா ஒருவருக்கு அப்படித்தான் கண்டுபிடித்தோம். தண்ணீர் இறங்கின வீட்டில் தப்பியது ஸ்டீல் பீரோ ஒன்றுதான். இப்போது அதன் கதவின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் வால்வின் பெயர், அளவு, வைத்த தேதி மூன்றும் பெரிதாக எழுதியிருக்கிறார். அதற்கு மேலே பால் கணக்கு.